ஓட்டுக்குக் காவலாக நிற்கும் சட்டங்கள்

களத்தில் தூற்றிய நெல்லை அன்றே அளக்க இயலாதபோது, குவியலின்மேல் சாம்பலினால் குறியிட்டு வைப்பது நம் பழைய வழக்கம். அக்குறி திருடனின் கையைப் பிடித்து நிறுத்திவிடாது. ஆயினும் இரவில் எவரேனும் ஒரு மரக்கால் நெல்லை அள்ளியிருந்தால், விடிந்ததும் குறி கலைந்திருப்பதைக் கொண்டு அறிந்துகொள்ளலாம். ஓட்டைப் பாதுகாப்பதற்காக நம் நாட்டில் ஏற்பட்டுள்ள சட்டங்களும் பெரும்பாலும் இவ்வகையினவே.

1951-52-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலில் ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. அதன்மேல் அவருடைய சின்னம் ஒட்டப்பட்டிருக்கும். ஓட்டர் மறைவிடத்திற்குச் சென்று, சீட்டில் யாதொரு குறியும் இடாமல், தாம் விரும்பியவரின் பெட்டியில் அதனைப் போட்டால் போதும். எழுத்தறியாதவர்க்கு இது எளிய முறைதான். ஆனால் உள்ளே சென்றவர் சீட்டைப் பெட்டியில் போட்டாரா, மடியில் செருகிக்கொண்டு வெளியேறினாரா என்பதைக் காண்பார் இல்லை. குறியிடாத சீட்டு கைமாறக் கூடியது. விலைக்கும் போகக் கூடியது. ஆகவே, எல்லாச் சின்னங்களையும் ஒரே சீட்டில் அச்சிட்டு, மறைவில் முத்திரை குத்தி, அதிகாரியின் கண்ணெதிரே பொதுப் பெட்டியில் போடும் முறை வந்தது. 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இது நாட்டின் பெரும்பகுதியில் கைக்கொள்ளப்பட்டது. மைசூரில் செய்யப்படும் அழியாத மையும் அவ்வாண்டு முதல் வழங்கி வருகிறது.

இயந்திரம் வந்த கதை இதனினும் கவனிக்கத் தக்கது. 1982-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் பரவூர் சட்டசபைத் தொகுதியில், 50 சாவடிகளில் மட்டும் ஓட்டுப்பதிவு இயந்திரம் வைக்கப்பட்டது. சிவன் பிள்ளை என்பவர் 123 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். 1984 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அந்த 50 சாவடிகளின் ஓட்டுப்பதிவைத் தள்ளிவிட்டு, சீட்டுக்களைக் கொண்டு மறுபடியும் நடத்துமாறு கட்டளையிட்டது. இயந்திரம் பிழையாக எண்ணியது என்பதன்று காரணம். சட்டமும் விதிகளும் ஓட்டுச் சீட்டையே கூறுகின்றன; அவற்றிற்கு மாறான முறையைத் தேர்தல் கமிஷன் தன் அதிகாரத்தால் புகுத்த இயலாது என்பதே தீர்ப்பு. மறு ஓட்டுப்பதிவின்பின் ஜோஸ் வென்றார். சட்டத்தில் ஒரு வரி இல்லாமையால் ஒரு தொகுதியின் பிரதிநிதியே மாறிவிட்டார்!

அந்த வரியைப் பாராளுமன்றம் 1988 டிசம்பரில் நிறைவேற்றியது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 மார்ச் 15 முதல் அமலுக்கு வந்தது. சாவடியைக் கைப்பற்றுவதைத் தனிக் குற்றமாக்கும் பிரிவும் உடன் சேர்ந்தது. 1996-இல் அதற்குரிய தண்டனை ஓராண்டுக்குக் குறையாத, மூன்றாண்டு வரையிலான சிறைவாசமாக உயர்ந்தது. சர்க்கார் ஊழியர் உடந்தையாயின் மூன்று முதல் ஐந்தாண்டு. முரடர்கள் சாவடிக்குள் புகுந்தாலும், நிமிஷத்திற்கு நான்கு ஓட்டுக்கு மேல் இயந்திரம் ஏற்காது. கட்டுக் கட்டாகச் சீட்டுக்களைப் பெட்டியில் திணித்த காலத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

2001-இல் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தல் முழுவதும் இயந்திரங்களைக் கொண்டே நடந்தது. ஆயினும், பொத்தானை அழுத்திய ஓட்டு உள்ளே எவருக்குப் பதிவாயிற்று என்னும் ஐயம் பலருக்கு இருந்தது. ஐயுறுவது குற்றமன்று, நெல் அளப்பவனின் மரக்காலையும் நாம் தட்டிப் பார்க்கிறோம் அல்லவா? 2013 ஆகஸ்டில் விதிகள் திருத்தப்பட்டு, சின்னம் அச்சான சீட்டொன்று கண்ணாடிக்குள் ஏழு விநாடி தோன்றிப் பெட்டியில் விழும் முறை ஏற்பட்டது. பட்ட சின்னம் வேறாக இருப்பின் ஓட்டர் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துச் சோதனை கோரலாம். பொய்யாயின் தண்டனை உண்டு. சட்டசபைத் தொகுதி ஒன்றுக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுக்களை எண்ணிச் சரிபார்க்குமாறு சுப்ரீம் கோர்ட்டு 2019-இல் கட்டளையிட்டது. பழைய சீட்டு முறைக்கே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் அது ஏற்கவில்லை.

நமது ஊராட்சித் தேர்தல்கள் இச்சட்டத்தின் கீழ் வருவன அல்ல. அவற்றிற்கு 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், மாநிலத் தேர்தல் ஆணையமும் உண்டு. 2019 டிசம்பரில் நடந்த கிராமப்புறத் தேர்தலில் ஒவ்வோர் ஓட்டரும் நான்கு பதவிகளுக்கு வெவ்வேறு நிறமுள்ள நான்கு சீட்டுக்களில் முத்திரையிட்டுப் பெட்டியில் போட்டனர். பெட்டி காலியாக இருப்பதைக் காட்டிய பின்பே அதற்கு முத்திரை வைக்க வேண்டும். அப்போது ஏஜெண்டு அங்கு இருத்தல் அவசியம்.

இயந்திரத் தேர்தலிலும் ஏஜெண்டின் வேலை அதிகாலையிலேயே தொடங்குகிறது. ஓட்டுப்பதிவுக்கு ஒன்றரை மணி முன்பே, குறைந்தது ஐம்பது மாதிரி ஓட்டுக்கள் போட்டுக் காட்டப்படும். அந்நேரத்தில் வயலுக்கு நீர் பாய்ச்ச எழும் நம்மவர்கள், சாவடிக்கு மட்டும் காபி குடித்துவிட்டு மெதுவாகப் போவது ஏனோ தெரியவில்லை! மாதிரி ஓட்டுக்களை அழிக்க அதிகாரி மறந்தால் பின்னர் கணக்கு ஒவ்வாது, அவ்விடத்திலேயே நினைவூட்டலாம். பிறகு இயந்திரத்தில் இடும் காகித முத்திரையின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, அதில் கையொப்பமிடலாம். மாலையில் ஓட்டுப்பதிவு முடிந்ததும், பதிவான ஓட்டுக்களின் கணக்கை 17-சி என்னும் படிவத்தில் எழுதி, அதன் நகலை ஏஜெண்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்நகலை வாங்காமல் வீடு திரும்பலாகாது. எண்ணும் நாளில் அதையும் முத்திரை எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு, மேஜைக்கு வரும் இயந்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.