பவானி ஜமக்காளமும் பாவையர் ஆடையும்

தென்காசி வட்டாரத்தில் ஜமக்காளம் விரிக்காத கல்யாண வீடு அரிது. குற்றாலச் சீசனுக்கு வருவோரும் அதை விரித்துத்தான் கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். அந்த விரிப்பைப் பெண்கள் உடுத்தும் நவீன ஆடையாக்கியவர் வினோ சுப்ரஜா. வந்தவாசியில் பிறந்து துபாயில் வாழும் ஆடை வடிவமைப்பாளர்.

ஜமக்காளத்திற்குப் பேர்போன ஊர் ஈரோடு மாவட்டத்துப் பவானி. நூல் முரடு. பாவு மறையும்படி ஊடையை நெருக்கி அடிப்பதால் நிறப்பட்டைகள் அழுத்தமாகத் தெரியும். துணியும் விறைப்பாக நிற்கும். சேலையைப் போலக் குழைந்து கொசுவத்திற்கு வராது. தாவரவியல் படிக்கும் எனக்குப் பருத்தி இழையைத் தெரியும், தையல் தெரியாது. ஆயினும் இத்தகைய துணிக்கு உடலைத் தழுவாமல் நிமிர்ந்து நிற்கும் ஆடையே பொருத்தம் என்பேன்.

2025 பிப்ரவரியில் இலண்டன் ஃபேஷன் வாரத்தில் இவ்வாடைகள் அரங்கேறின. பவானியின் முதிய நெசவாளர் ஒருவரும் அம்மேடையில் நடந்து வந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். அந்த நடையின் அருமை எனக்குப் புரிகிறது.

1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட துணிகளுள் ஜமக்காளமும் ஒன்று. பவானி ஜமக்காளத்திற்குப் புவிசார் குறியீடும் உண்டு. இருந்தும் விசைத்தறிப் போலிகள் மலிவாக விற்கின்றன. பந்தலுக்கு விரிப்பு வாங்குகிறவர் விலையைப் பார்ப்பாரா, தறியைப் பார்ப்பாரா? உடுத்த வாங்குகிறவரோ நெய்தது யார் என்றும் கேட்கக்கூடும். அவர் தரும் விலையில் தறிக்குழியில் அமர்ந்திருப்பவருக்குக் கூலியாக எவ்வளவு போய்ச் சேரும்?