மணநாளுக்கு நாச்செஸ்: ஆற்றங்கரை ஊரில் இரண்டு இரவு

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இருக்கும் நம்மவர்களிடம் மணநாளுக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் நியூ ஆர்லியன்ஸ் என்பார்கள். இல்லையென்றால் ஃப்ளோரிடா கடற்கரை. இரண்டிலும் கூட்டம், இரைச்சல். இருவர் மட்டும் நடக்கவும் பேசவும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரவும் ஏற்ற ஊர் மிசிசிப்பி மாநிலத்து நாச்செஸ். 1716-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். மிசிசிப்பி ஆற்றங்கரையில் இவ்வளவு பழைய ஊர்கள் குறைவு. நீர்மட்டத்துக்குச் சுமார் 200 அடி உயரத்தில், செங்குத்தான மேட்டின் மேல் ஊர் இருப்பதால் ஆற்று வெள்ளம் அதைத் தொடுவதில்லை. உள்நாட்டுப் போரில் 1862-இல் ஒன்றியப் படையிடம் சரணடைந்துவிட்டதால், பழைய மாளிகைகளும் பெரும்பாலும் தப்பின.

அந்த மாளிகைகளைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். அவை பருத்திப் பணத்தில் எழுந்தவை. அந்தப் பருத்தியை விளைவித்தவர்கள் அடிமைகள். தூண்களையும் தோட்டங்களையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் ஊரில் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். மணநாளுக்கு வருகிறவர்கள் இதைக் கூடுதலாகவே நினைக்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வது இந்த ஊரில் எல்லோருக்கும் கிடைத்த உரிமை அல்ல. ஆகவே எங்கெங்கே போவது என்பதைவிட, எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம்.

எப்போது, எப்படிப் போவது

மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை ஒரு பருவம், அக்டோபரும் நவம்பரும் இன்னொன்று. வசந்தத்தில் அசேலியா பூத்துக் குலுங்கும். 1932-இல் ஊர்த் தோட்டச் சங்கத்துப் பெண்கள் தொடங்கிய ‘பில்கிரிமேஜ்’ அப்போதுதான் நடக்கிறது. மற்ற நாட்களில் பூட்டியிருக்கும் தனியார் வீடுகள் பல அந்தச் சில வாரங்களில் திறக்கும். கூட்டமும் அறை வாடகையும் அதே வேகத்தில் ஏறும் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். அக்டோபரில் வெப்பக்காற்றுப் பலூன் விழா நடக்கும் வார இறுதிக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஆவணி முகூர்த்தத்தில் மணமானவர்களுக்குத்தான் சிக்கல். ஆகஸ்ட், செப்டம்பர் புழுக்கத்தில் மதியவேளை வெளியே நடக்க முடியாது. நாளை நாளாகவே வீட்டில் கும்பிட்டுக் கொண்டாடிவிட்டு, பயணத்தை அக்டோபருக்குத் தள்ளுங்கள். தை மாதத்தில் மணமானவர்கள் தாராளமாக அப்போதே போகலாம். குளிர் தாங்கக்கூடியதுதான், கூட்டமும் இராது.

நியூ ஆர்லியன்ஸிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஹூஸ்டனிலிருந்து ஐந்து மணிக்குச் சற்று மேலே ஆகும். விமானத்தில் வருகிறவர்கள் பேட்டன் ரூஜில் அல்லது ஜாக்சனில் இறங்கி வாடகைக் கார் எடுக்க வேண்டும். இரண்டு ஊரிலிருந்தும் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கார் இல்லாமல் இந்தப் பயணம் சரிப்படாது.

வழியில் பாட்டுக்குப் பதில் ஒரு புத்தகத்தைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். வரலாற்றாசிரியர் டெர்ரி ஆல்ஃபர்ட் 1977-இல் எழுதிய ‘பிரின்ஸ் அமங் ஸ்லேவ்ஸ்’. இன்றைய கினி நாட்டிலுள்ள ஃபூட்டா ஜல்லோன் பகுதியின் ஆட்சியாளர் மகன் அப்துல் ரஹ்மான் இப்ராஹிமா. போரில் பிடிபட்டு, 1788-இல் நாச்செஸில் தாமஸ் ஃபாஸ்டர் என்ற பண்ணையாருக்கு விற்கப்பட்டார். அங்கேயே இசபெல்லாவை மணந்து பிள்ளைகள் பெற்றார். 1807-இல் சந்தையில் காய்கறி விற்றுக்கொண்டிருந்தவரை, அவர் தந்தை முன்னொரு காலத்தில் காப்பாற்றிப் பராமரித்த ஒரு வெள்ளைக்கார மருத்துவர் அடையாளம் கண்டுகொண்டார். அப்போதும் ஃபாஸ்டர் விடவில்லை. விடுதலை கிடைத்தது 1828-இல். நாற்பது ஆண்டு கழிந்துவிட்டது. மனைவியையும் மீட்க நாச்செஸ் ஊர்க்காரர்களே பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். இருவரும் 1829-இல் லைபீரியா போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் அப்போது அடிமைத்தளையிலேயே இருந்தார்கள். அவரும் அந்த ஆண்டே காலமானார். இதைத் தெரிந்துகொண்டு ஊருக்குள் நுழைந்தால் தெருக்களே வேறு மாதிரித் தெரியும்.

எங்கே தங்குவது

ஆற்றோர மேட்டுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் தங்குங்கள். காலையிலும் மாலையிலும் காரை எடுக்காமல் ஆற்றங்கரைக்குப் போக முடிவதுதான் இந்த ஊரின் பெரிய சுகம். பழைய வீடுகள் பல காலை உணவோடு கூடிய விடுதிகளாக இயங்குகின்றன. வழக்கமான ஹோட்டல்களும் உண்டு. மணநாள் என்பதால் பழைய வீட்டையே சிபாரிசு செய்வேன்: உயரமான கூரை, அகலமான தாழ்வாரம், ஆடுநாற்காலி.

பதிவு செய்யுமுன் தொலைபேசியில் மூன்று விஷயம் கேளுங்கள். அறை பிரதான வீட்டில் இருக்கிறதா, பின்கட்டிலா? மாடிப்படி செங்குத்தா? நீங்கள் தூங்கப்போகும் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது? சில இடங்களில் அடிமைகள் குடியிருந்த பின்கட்டுகளே இன்று விருந்தினர் அறைகளாகியிருக்கின்றன. தெரிந்து முடிவெடுப்பது உங்கள் உரிமை.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்மாநிலச் சமையலில் கீரையிலும் பீன்ஸிலும்கூடப் பன்றி இறைச்சித் துண்டு போட்டுக் கொதிக்கவிடுவது வழக்கம். பிஸ்கட் ரொட்டியில் சில இடங்களில் பன்றிக் கொழுப்பு சேரும். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் போதாது. எதில் வேகவைத்தீர்கள் என்று கேட்டுவிடுங்கள். ‘கிரிட்ஸ்’ எனும் சோளரவைக் கஞ்சியை வெண்ணெய் மட்டும் போட்டுக் கேட்டால் தருவார்கள். அசைவர்களுக்குக் கவலையே இல்லை. கெளுத்தி மீன் வறுவலும் காரமான டமாலேயும் இந்தப் பக்கத்துச் சிறப்பு.

வெள்ளி மாலை

முதல் மாலை எந்த வீட்டையும் பார்க்க வேண்டாம். பெட்டியை வைத்துவிட்டு நேரே ஆற்றோர மேட்டுப் பூங்காவுக்குப் போங்கள். மேடு மேற்கு நோக்கியது. எதிர்க்கரை லூசியானா, கண்ணுக்கெட்டிய வரை சமதரை. சூரியன் மறைவதை எதுவும் மறைக்காது. மார்ச் கடைசியில் ஏழே கால் மணியளவில், அக்டோபர் நடுவில் ஆறரை மணியளவில் மறையும். அரைமணி முன்பே பெஞ்சைப் பிடித்துவிடுங்கள்.

இருட்டுமுன் சில்வர் தெரு வழியாகக் கீழே இறங்கினால் ‘அண்டர் தி ஹில்’. நீராவிப் படகுகள் வந்த காலத்தில் சூதாட்டத்துக்கும் அடிதடிக்கும் பேர்போன படகுத்துறை. இன்று சில கட்டடங்களும் உணவகமும் மதுக்கடையும் மட்டுமே மிச்சம். ஆற்றை நீர்மட்டத்திலிருந்து பார்க்கலாம். தண்ணீரில் கால் வைக்காதீர்கள். பார்க்க அமைதியாக இருந்தாலும் இழுப்பு கடுமையானது.

சனிக்கிழமை: முதலில் சந்தை, பிறகு மாளிகை

காலையில் முதல் வேலையாக ஊருக்குக் கிழக்கே சுமார் ஒரு மைலில் இருக்கும் ‘ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு’க்குப் போங்கள். தென்கோடி மாநிலங்களில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை இருந்த இடம் இது. 1833-இல் காலரா பயத்தில் வியாபாரிகளை ஊர் எல்லைக்கு வெளியே போகச் சொன்னார்கள். அவர்கள் கடைவிரித்தது இந்தச் சாலைச் சந்திப்பில். 1863-இல் ஒன்றியப் படை ஊருக்குள் வந்து நிலைகொள்ளும்வரை விற்பனை நடந்தது. இன்று இருப்பது புல்வெளி, தகவல் பலகைகள், தரையில் கான்கிரீட்டில் பதித்த விலங்குச் சங்கிலிகள். அரைமணி நேரம் போதும். வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் வாங்கி இங்கே கொண்டுவரப்பட்டவர்களில் கணவனையோ மனைவியையோ அங்கே விட்டுப் பிரிந்தவர்கள் ஏராளம். அவர்கள் திருமணத்தைச் சட்டம் திருமணமாகவே ஏற்கவில்லை. போர் முடியுமுன்பே தொடங்கி, 1864-லும் 1865-லும், விடுதலை பெற்றவர்கள் நாச்செஸில் வரிசையாக வந்து தங்கள் மணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் பதிவுக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். அந்தப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. மணநாளன்று வேறெந்த இடத்தைவிடவும் இங்கே நிற்பதுதான் பொருத்தம் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது மெல்ரோஸ். ஜான் மெக்மர்ரன் என்ற வழக்கறிஞர் 1840-களில் கட்டியது. தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. வீட்டுக்குள் பார்க்க வழிகாட்டியோடு போகும் சுற்றுக்குச் சீட்டு வேண்டும், நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு அறையில் மேசைக்கு மேலே மகோகனி மரத்தில் செய்த பெரிய பங்கா தொங்குகிறது. வெள்ளைக்காரர் காலத்துக் கலெக்டர் கச்சேரிகளில் நம் ஊர்க்காரர்கள் கயிறு பிடித்து இழுத்த அதே பங்காதான். இங்கே இழுத்தது அடிமைச் சிறுவர்கள். பருத்தியிலும் நமக்கு ஓர் உறவு உண்டு: 1840-களில் அமெரிக்கப் பருத்தியைக் கோயம்புத்தூர்ப் பக்கம் விளைவித்துப் பார்க்கும் பொறுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி, தாவரவியலாளர் ராபர்ட் வைட்டிடம் ஒப்படைத்திருந்தது. மெல்ரோஸில் பின்கட்டு, சமையல்கட்டு, அடிமைகளின் குடியிருப்பு எல்லாம் நிற்கின்றன. அவற்றையும் நடந்து பாருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஊர் நடுவுக்கு வந்து, ஸ்டேட் தெருவில் வில்லியம் ஜான்சன் வீட்டுக்குப் போங்கள். இதுவும் பூங்காத் துறையுடையது, கட்டணம் இல்லை. அடிமையாகப் பிறந்து 1820-இல் சிறுவனாக விடுதலை பெற்றவர் ஜான்சன். முடிதிருத்தும் தொழிலில் முன்னேறி ஊரில் கடைகள் வைத்தார். 1835-இல், அவரைப் போலவே விடுதலை பெற்றவரான ஆன் பேட்டில்ஸை மணந்தார். நாட்குறிப்பு தொடங்கியதும் அதே ஆண்டுதான். 1840-இல் ஊரைச் சூறையாடிய சுழற்காற்றில் இடிந்த கட்டடங்களின் செங்கல்லைக் கொண்டு எழுப்பிய வீடு இது. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் பிள்ளைகளோடு குடும்பம் நடத்தினார்கள். ஜான்சன் தானும் அடிமைகளை வைத்திருந்தார். அதை மறைத்துச் சொல்வது சரியல்ல. 1851-இல் நிலத் தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். பார்த்த சாட்சிகள் கறுப்பர்கள். கொன்றவர் தன்னை வெள்ளையர் என்றார். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. கொலையாளி தப்பினார். குடும்பத்தை ஆன் தாங்கினார். ஜான்சனின் பதினாறு ஆண்டு நாட்குறிப்பேடுகளைச் சந்ததியினர் காத்துவைத்தார்கள். 1951-இல் அவை அச்சாயின.

பிற்பகலுக்கு லாங்வுட். எண்கோண வடிவம், உச்சியில் வெங்காயக் கோபுரம். 1860-இல் ஹாலர் நட் என்ற பருத்திச் செல்வர் தொடங்கினார். 1861-இல் போர் வந்ததும் வடக்கிலிருந்து வந்த கைவினைஞர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். திட்டமிட்ட 32 அறைகளில் அடித்தளத்தின் ஒன்பது மட்டுமே முடிந்தன. ஹாலர் 1864-இல் இறந்தார். மனைவி ஜூலியா பிள்ளைகளோடு அந்த அடித்தளத்திலேயே வாழ்ந்து 1897-இல் காலமானார். மேல்தளத்தில் பூசாத செங்கல்லையும் அன்று விட்டுப்போன பெட்டிகளையும் கருவிகளையும் அப்படியே காணலாம்.

இதற்கு மேல் ஒரு நாளில் வீடு பார்க்காதீர்கள். ஸ்டான்டன் ஹால், ரோசலி, ஆபர்ன் என்று பட்டியல் நீளும். நான்காவது மாளிகையில் எல்லாத் தூண்களும் ஒன்றாகிவிடும். ஐந்து மணிக்கு அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்து, நல்ல சேலையும் வேட்டியும் உடுத்திக்கொண்டு மேட்டுப் பூங்காவுக்கு மறுபடி போங்கள். மணநாள் படம் எடுக்க அதுதான் இடம். மாளிகைகளுக்குள் படம் எடுப்பதானால் முதலில் அனுமதி கேளுங்கள்.

ஞாயிறு

ஹூஸ்டன் பக்கம் திரும்புகிறவர்கள் காலையில் நாச்செஸ் பழங்குடியினரின் ‘கிராண்ட் வில்லேஜ்’ திடல்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். ஊருக்குப் பெயர் கொடுத்தவர்கள் அவர்கள். 1729-இல் பிரெஞ்சுக் கோட்டையைத் தாக்கினார்கள். பதிலடியில் சிதறடிக்கப்பட்டு, பிடிபட்டவர்கள் கரீபியத் தீவுக்கு அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

ஜாக்சன் வழி போகிறவர்களுக்கு நாச்செஸ் டிரேஸ் பூங்காச் சாலை காத்திருக்கிறது. நாஷ்வில் வரை 444 மைல். லாரிகளுக்கு அனுமதி இல்லை. விளம்பரப் பலகை கிடையாது. வேகம் 50 மைலுக்குள். பெட்ரோல் பங்க்கும் இல்லை என்பதால் ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். பத்தாவது மைலில் எமரால்டு மேடு, எட்டு ஏக்கரில் மனிதர்கள் எழுப்பியது, ஏறிப் பாருங்கள். 41-ஆவது மைலைத் தாண்டியதும் ‘சங்கன் டிரேஸ்’. நூற்றாண்டுகள் மனிதரும் மாடும் நடந்து நடந்து மண் தேய்ந்து, இரு பக்கமும் தலைக்கு மேலே கரை உயர்ந்து நிற்கும் பள்ளப் பாதை. சில நிமிட நடைதான். மழை பெய்திருந்தால் வழுக்கும், கொசுவும் இருக்கும். அருகில் போர்ட் கிப்சன் பக்கம் 1890-இல் எரிந்துபோன விண்ட்சர் மாளிகையின் 23 தூண்கள் கூரையில்லாமல் நிற்கின்றன.

நேரம் குறைந்து எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் லாங்வுட்டை விடுங்கள், விண்ட்சரை விடுங்கள். ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடையும் வில்லியம் ஜான்சன் வீட்டையும் விடாதீர்கள். இரண்டுக்கும் பணம் கேட்பதில்லை. சேர்த்தே ஒன்றரை மணி நேரம் ஆகாது.