பாட்டியின் வேதாகமமும் பேரனின் மொழியும்

வேதபகுதி: உபாகமம் 6:4–25, அப்போஸ்தலர் 14:8–18, 16:1–3, 2 தீமோத்தேயு 1:3–7, 3:14–17

பவுலும் பர்னபாவும் லீஸ்திராவில் ஒரு சப்பாணியைச் சுகமாக்கியபோது, திரண்டிருந்த ஜனங்கள் லிக்கவோனியா மொழியிலே சத்தமிட்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பட்டணத்துக்கு முன்னே யூபித்தரின் கோவில் இருந்தது. அதன் பூசாரி எருதுகளையும் பூமாலைகளையும் கொண்டுவந்தான். அவ்வூரில் ஜெப ஆலயம் ஒன்று இருந்ததாக வேதம் எங்கும் கூறவில்லை. தீமோத்தேயுவைப் பவுல் சந்தித்தது இப்பட்டணத்துப் பகுதியில்தான். அவனுடைய தாய் விசுவாசமுள்ள யூத ஸ்திரீ, தகப்பனோ கிரேக்கன். சிறுவயது முதல் வேத எழுத்துக்களை அறிந்தவன் என்று பவுல் அவனைக்குறித்துச் சாட்சி கூறுகிறார்.

அவ்வீட்டின் மொழிநிலை ஆராயத்தக்கது. முன்னோரின் வேதமொழி எபிரெயு. தகப்பனின் மொழி கிரேக்கு. தெருவின் மொழி லிக்கவோனியா. சிதறியிருந்த யூதரிடையே எபிரெயு வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பு அக்காலத்தில் பரவலாக வழங்கியது. தீமோத்தேயு கற்றதும் அம்மொழிபெயர்ப்பிலேயே இருந்திருக்கலாம். மூதாதையரின் மொழி பின்தங்கிய வீட்டிலும் மூதாதையரின் விசுவாசம் பின்தங்கவில்லை.

மும்பையிலுள்ள தமிழ்க் கிறிஸ்தவப் பெற்றோருக்கு இது பழைய வரலாறு மாத்திரமன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தாராவியில் வாழ்கின்றன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் குடியேறி நெடுங்காலமாயிற்று. தகரப்பெட்டியில் துணிகளோடு தமிழ் வேதாகமத்தையும் வைத்துக்கொண்டு ரயிலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆங்கிலவழியிலே படிக்கிறார்கள். தெருவில் இந்தியும் மராத்தியும் பேசுகிறார்கள். பாட்டி தமிழில் ஜெபிக்கிறாள். பேரன் கண்களை மூடிக்கொண்டு நிற்கிறான். ஆனால் பாதி வார்த்தைகள் அவனுக்கு விளங்குவதில்லை. ஆலயத்தில் பிரசங்கமும் அவ்வாறே. விளங்காத மொழியில் கேட்கும் தேவன், நாளடைவில் பாட்டியின் தேவனாகவே நின்றுவிடுகிறார்.

இந்த ஆபத்தைக் கண்டு சில பெற்றோர் தமிழைக் காப்பதே விசுவாசத்தைக் காப்பது என்றெண்ணிக் கடிந்துகொள்ளுகிறார்கள். தமிழ் கற்பிப்பது மிகவும் நல்லது. ஆயினும் தமிழ் எழுத்துத் தடுமாறுகிற பிள்ளையை விசுவாசத்தில் தடுமாறுகிறவனாக எண்ணுவது தகாது. வேறு சிலர் ஞாயிறு பள்ளியில் விட்டுவிட்டால் கடமை முடிந்தது என்கிறார்கள். வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. ஞாயிறு பள்ளிக்கு அதில் ஒன்றோ இரண்டோதான். 1780ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியது, வார நாட்களில் வேலைசெய்து, வாசிக்கவும் கற்பிப்பாரின்றித் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக. கற்பிக்கக்கூடிய பெற்றோருக்கு ஓய்வு கொடுப்பதற்காக அன்று.

1528இல் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிட்ட மார்ட்டின் லூத்தர், ஜனங்களின் அறியாமையைக் கண்டு மனம் நொந்து, மறு ஆண்டில் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிய விதமாய்க் கற்பிக்கும்படியே அது எழுதப்பட்டது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் தரங்கம்பாடியின் சீகன்பால்கு. தமிழ்ச் சபையின் தொடக்க நூல்களில் ஒன்று இவ்வாறு குடும்பத்துக்காக எழுந்த நூலாயிருப்பதை ஆலய நிர்வாகத்தாரும் நினைவில் கொள்ளலாம்.

உபாகமம் 6ஆம் அதிகாரம் பெற்றோருக்குக் கொடுக்கும் கட்டளையில் ஒரு வரிசை உண்டு. கட்டளை முதலாவது பெற்றோரின் இருதயத்தில் இருக்கவேண்டும். அதன்பின்பே பிள்ளைகளுக்குப் போதிக்கப்படவேண்டும். போதித்தலைக் குறிக்க 7ஆம் வசனத்தில் வரும் எபிரெயச் சொல், கூர் தீட்டுதலைக் குறிக்கும் வேரோடு சம்பந்தப்பட்டது என்பர். தாராவியின் தோல் தொழிலாளருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கத்தியை வருஷத்துக்கு ஒருமுறை நாள் முழுவதும் தீட்டுகிறவர் எவருமில்லை. தினமும் சிறிது தீட்டியே தோலை அறுக்கிறார்கள்.

அவ்வசனம் குறிப்பிடும் வேளைகளும் அப்படிப்பட்டவையே: வீட்டில் இருக்கையில், வழி நடக்கையில், படுக்கையில், எழும்புகையில். தனி ஜெப அறை கேட்கப்படவில்லை. பத்தடிக்குப் பத்தடி அறையில் சமையலும் படிப்பும் உறக்கமும் நடைபெறுகிற வீட்டுக்கு இது பெரிய ஆறுதல். அதிகாலையில் குழாயில் தண்ணீர் வருமுன்னே எழும்பும் தாய், குடம் நிறையும்வரை மகளோடு ஒரு சங்கீதத்தைச் சொல்லலாம். சயான் ரயில் நிலையம்வரை மகனோடு நடக்கும் தகப்பனுக்குப் பத்து நிமிஷம் கிடைக்கிறது. இரவு வேலை முடிந்து கடைசி வண்டிகளில் வீடு திரும்பும் தகப்பன், உறங்கும் பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபிக்கிறதும் வீணாவதில்லை. ஆயினும் பிள்ளை விழித்திருக்கும் நாளொன்றையும் அவர் தேடிக்கொள்ளவேண்டும்.

குடும்ப ஜெபத்தில் இரண்டு வேதாகமங்கள் திறந்திருக்கட்டும். பாட்டி தமிழில் வாசித்த வசனத்தைப் பேரன் இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ வாசிக்கட்டும். பின்பு அதன் பொருளைப் பாட்டிக்கு அவனே தமிழில் சொல்லட்டும். பிழையாகச் சொன்னாலும் நகைக்கலாகாது. 1922இல் மறைந்த பண்டித ரமாபாய் எபிரெயு, கிரேக்கு மூலங்களை ஆராய்ந்து மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தது, எளிய பெண்களும் விளங்கி வாசிக்கவேண்டும் என்பதற்காகவே. அந்த மாநிலத்திலே வளரும் தமிழ்ப் பிள்ளை மராத்தியில் கர்த்தரை அறிவது தமிழுக்குத் துரோகம் ஆகாது.

பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள் என்பதை 20ஆம் வசனம் முன்னறிந்து பேசுகிறது. ஒரு சுவருக்கு அப்பால் கணபதி விழாவும் மறு சுவருக்கு அப்பால் ரம்ஜான் நோன்பும் நடக்கும் தெருவில், தங்கள் வீடு மாத்திரம் ஏன் வேறுபட்டிருக்கிறது என்று பிள்ளை கேட்கும். அயலாரை இகழ்ந்து பதில் சொல்லும் பெற்றோர், அன்பில்லாத ஒரு மார்க்கத்தையே பிள்ளைக்குக் கற்பிக்கிறார்கள். மோசே காட்டும் பதில் வேறு. தாங்கள் அடிமைகளாயிருந்ததையும் கர்த்தர் விடுவித்ததையும் தகப்பன் கதையாகச் சொல்லவேண்டும்.

தாராவியில் சொல்வதற்கு அப்படிப்பட்டவை இல்லாமலில்லை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நகரம் கலவரத்தில் எரிந்த இரவுகளை முதியோர் மறக்கவில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆற்றோரத் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. 2020இல் ஊரடங்கின்போது ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. வேலையும் கூலியும் நின்றன. அந்நாட்களில் யார் அரிசி கொடுத்தார்கள், எந்த அயலார் கதவைத் திறந்தார்கள், ஆலயம் இல்லாதபோது வீட்டில் யார் ஜெபத்தை நடத்தினார்கள் என்பவற்றைப் பிள்ளைகள் பெற்றோரின் வாயிலிருந்தே கேட்கவேண்டும். ஜெபித்தும் கிடைக்காமற்போனவற்றையும் மறைக்கலாகாது. பிள்ளைகள் அவற்றை எப்படியும் அறிந்திருக்கிறார்கள்.

தகப்பன் ஆலயத்துக்கு வராத வீடுகளும் உண்டு. குடியினால் அமைதியிழந்த வீடுகளும் உண்டு. தீமோத்தேயுவின் தகப்பன் விசுவாசித்ததாக வேதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அவ்வீட்டில் பவுல் பெயர் சொல்லி நினைவுகூருகிறவர்கள் இருவர்: பாட்டியாகிய லோவிசாளும் தாயாகிய ஐனிக்கேயாளும்.