நாட்பட்ட நோ: படுத்திருப்பதா, நடப்பதா?

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களில் பலர் எங்களிடம் சொல்வது நாரி நோ, தோள்மூட்டு நோ, முழங்கால் நோ. அடிபட்ட காயம் எப்பவோ மாறிவிட்டது, நோ மட்டும் மாறவில்லை. அசைந்தால் கூடிப்போகும் என்ற பயத்தில் ஹொட்டேல் அறையிலேயே நாள் முழுக்கப் படுத்திருக்கிறார்கள். இந்தப் பாடம் அவர்களுக்காக.

1. நாட்பட்ட நோ என்றால் என்ன?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவை வைத்தியர்கள் இப்படிச் சொல்கிறார்கள். புதுக் காயத்தின் நோ ஒரு எச்சரிக்கை. ஆனால் நாட்பட்ட நோ பல பேருக்கு, கள்ளன் ஓடின பிறகும் குரைக்கிற நாய் மாதிரி. காயம் ஆறினாலும் நரம்புகளும் மூளையும் விழிப்பாகவே இருக்கும். நித்திரைக் குறைவும் கேஸ் பற்றிய யோசனையும் அதைக் கூட்டும். அதற்காக நோ பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் நோகிற நேரமெல்லாம் உடம்புக்குள் ஏதோ பழுதாகிறது என்று பயப்படத் தேவையில்லை.

2. ஏன் அசைய வேண்டும்?

படுத்தே இருந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், இரவு நித்திரையும் கெடும். பிறகு சின்ன வேலைக்கும் நோகும். வேறு நோயால் விளக்க முடியாத நாட்பட்ட நோவுக்கு உடற்பயிற்சியை நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் 2021 ஏப்ரலில் சிபாரிசு செய்தது. பரசிற்றமோல், ஐபுபுரோபன் போன்ற குளிசைகளை அதற்குப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றும் சொன்னது. ஆகவே ஜீ.பீ. "நடவுங்கோ" என்றால் தட்டிக்கழிக்கிறார் என்று எடுக்காதேயுங்கோ. ஏற்கெனவே எடுக்கிற குளிசையை அவரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.

3. எப்படித் தொடங்குவது?

புதுக் காயமோ எலும்பு முறிவோ இருந்தால் முதலில் ஜீ.பீ.யைக் கேளுங்கோ. இல்லாவிட்டால், நோ கூடிய நாளில் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று பாருங்கோ. 10 நிமிடம் என்றால் 8 நிமிடத்தில் தொடங்குங்கோ. ஒரு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் அதே 8. பிறகு ஒரு நிமிடம் கூட்டலாம். நோ குறைந்த நாளில் ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுக்க வேண்டாம். நடந்த பிறகு கொஞ்சம் உளைவு இருக்கலாம். அடுத்த நாளும் கூடுதலாக நொந்தால் நிமிடத்தைக் குறையுங்கோ, விட்டுவிடாதேயுங்கோ. மழை என்றால் அறையில் கதிரையில் இருந்து 5 தரம் எழும்பி இருங்கோ.

4. நடந்தால் கேஸ் பாதிக்குமா?

பலர் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வி இது. வைத்தியர் சொன்னபடி நடப்பதால் உங்கள் நோ பொய்யாகாது. யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கோ: எவ்வளவு நேரம் நடக்கலாம், பிறகு என்ன ஆகிறது. கூட்டியும் சொல்ல வேண்டாம், வெட்கத்தில் குறைத்தும் சொல்ல வேண்டாம். சித்திரவதையால் வந்த நோ என்றால் ஜீ.பீ.க்கும் சொலிசிட்டருக்கும் சொல்லுங்கோ. அது வைத்தியக் குறிப்பில் பதியப்பட வேண்டும். உடம்பில் செல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கோ. அந்தக் காந்தம் இரும்பை அசைக்கக்கூடும்.

5. எப்போது உடனே ஆஸ்பத்திரி?

நாரி நோவோடு மலசலம் கட்டுப்பாடில்லாமல் போனால், சலம் போகாமல் நின்றால், மலசலம் போகும் பகுதிகள் விறைத்தால், இரண்டு காலும் பலமிழந்தால் 999 அடியுங்கோ. திடீரென வரும் நெஞ்சு நோவுக்கும் அப்படித்தான்.

ஜீ.பீ.யிடம் பதிவதற்கும் அவரைப் பார்ப்பதற்கும் காசு இல்லை. பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கோ. அதற்கும் காசு இல்லை.

வீட்டுப்பாடம்: ஒரு கொப்பியில் திகதி, நடந்த நிமிடம், அடுத்த நாள் நோ எப்படி என்ற மூன்றையும் எழுதி வாருங்கோ. நாலு கிழமை கழித்து அதை ஜீ.பீ.யிடம் கொண்டுபோங்கோ. "சரியா நோகுது டொக்டர்" என்று மட்டும் சொல்வதைவிட, அந்தக் கொப்பியைப் பார்த்தால் அவருக்கு உங்கள் நிலைமை விளங்கும்.