வீட்டு மின்கம்பிகளைப் புதுப்பித்தலும் காப்புச் சாதனங்களைத் தேர்தலும்

வீட்டின் மின்கம்பிகள் பெரும்பாலும் சுவரிலும் கூரையடியிலும் மறைந்திருப்பவை. ஆகவே அவற்றின் முதுமை எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சுண்ணாம்பு உதிர்ந்தால் பூசுகிறோம். ஓடு உடைந்தால் மாற்றுகிறோம். கம்பியின் உறை வெடித்துச் செம்பு வெளித்தெரியும் வரையில் அதனை எவரும் நினைப்பதில்லை.

கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லைக் கிராமங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. 1957-இல் இரு மாநிலங்களிலும் தனித்தனி மின்சார வாரியங்கள் அமைந்தன. எல்லைக்கு இருபுறமும் மண்ணும் மழையும் வீட்டமைப்பும் ஒன்றே. 2017 மே மாதத்தில் கேரளம் முழுமையாக மின்வசதி பெற்ற மாநிலமென அறிவிக்கப்பட்டது. ஆகவே இன்றைய வினா, மின்சாரம் வந்ததா என்பதன்று; வீட்டிற்குள் அது பாயும் வழி பத்திரமானதா என்பதே.

சுமைக் கணக்கு

சில விளக்குகளுக்கும் ஒரு மின்விசிறிக்குமாக அமைத்த பழைய கம்பியில் இன்று கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் மோட்டார் ஆகியன இணைக்கப்படுகின்றன. எனவே புதுப்பிக்கும் பணியின் முதற்படி, கம்பி வாங்குவதன்று, கணக்கிடுவதாகும்.

ஒரு நடுத்தர வீட்டைக் கொள்வோம். விளக்குகள் 100 வாட், மின்விசிறிகள் 375, தொலைக்காட்சி 100, குளிர்பதனப் பெட்டி 200, மிக்சி 750, இஸ்திரிப் பெட்டி 1,000, இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, மோட்டார் 1,100, கீசர் 2,000. மொத்தம் 7,625 வாட். இதனை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 33 ஆம்பியர். எல்லாம் ஒரே நேரத்தில் இயங்குவதில்லை. எனினும் காலை வேளையில் அடுப்பும் கீசரும் மோட்டாரும், அவற்றோடு விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டியும் இயங்கினால் 5,775 வாட், அதாவது சுமார் 25 ஆம்பியர் ஆகிவிடும். மோட்டார் போன்றவை எடுக்கும் மின்னோட்டம் இக்கணக்கினும் சற்று மிகுதியாகவே இருக்கும். சுமை கூடியதை மின்வாரிய அலுவலகத்திற்குத் தெரிவித்து, இணைப்புச் சுமையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து, சுமையைக் கிளைகளாகப் பிரித்தல் வேண்டும். விளக்கு, விசிறி, சிறு பிளக் ஆகியவற்றிற்கான ஒரு கிளையில் பத்து முனைகளுக்கும் 800 வாட்டிற்கும் மேற்படாதிருப்பது வழக்கமான நெறி. பெரிய பிளக்குகள் ஒரு கிளைக்கு இரண்டிற்கு மேல் வேண்டா. கீசர், மோட்டார், இண்டக்‌ஷன் அடுப்பு ஒவ்வொன்றிற்கும் தனிக் கிளை நன்று.

காப்புச் சாதனம் காப்பது எதனை?

பியூஸோ எம்.சி.பி. எனும் தானியங்கித் துண்டிப்பானோ காப்பது கருவியையன்று, கம்பியை. கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்பப் பெருகும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். அவ்வெப்பம் கம்பியின் உறையைக் கெடுக்குமுன் மின்னோட்டத்தைத் துண்டிப்பதே இச்சாதனத்தின் பணி. எனவே முதலில் சுமைக்கேற்ற கம்பியையும், பின்னர் அக்கம்பிக்கேற்ற துண்டிப்பானையும் தேர்ந்தெடுக்க வேண்டும். துண்டிப்பானின் அளவு, சுமையின் மின்னோட்டத்திற்குக் குறையாமலும் கம்பியின் தாங்குதிறனுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும்.

குழாய்க்குள் செல்லும் செம்புக் கம்பிகளுக்கு, 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5-க்கு 16 ஆம்பியர், 4-க்கு 20 ஆம்பியர் எனக் கொள்ளல் தகும். ஒரே குழாயில் பல கம்பிகளை நெருக்கினால் அவற்றின் தாங்குதிறன் குறையும். துண்டிப்பானில் ‘பி’ வகை, தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழும். ‘சி’ வகை 5 முதல் 10 மடங்கில் விழும். தொடங்கும்போது மிகுந்த மின்னோட்டம் இழுக்கும் மோட்டாருக்குச் ‘சி’ வகை ஏற்றது.

பீங்கான் பியூஸில் 5 ஆம்பியருக்குரிய செம்புக் கம்பியின் விட்டம் 0.2 மில்லிமீட்டரே. அடிக்கடி அறுகின்றதென்று அதனிடத்தில் தடித்த கம்பியைச் சுற்றுவது, காவலனை நீக்கிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதாகும். எம்.சி.பி. அடிக்கடி விழுகின்றதென்று கம்பியை மாற்றாமல் பெரிய எம்.சி.பி.யைப் பொருத்துவதும் அவ்வாறே.

உயிரைக் காப்பது எது?

ஈரமான கையுடன் பேஸ் கம்பியைத் தொடுபவரின் உடல் தடை சுமார் 1,000 ஓம் எனின், உடலில் பாய்வது 0.23 ஆம்பியர். இது உயிரைப் போக்கப் போதுமானது. ஆனால் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு சிறு விளக்கின் சுமையே, அது விழாது.

எர்த் கம்பி மட்டும் இருப்பதும் போதாது. எர்த் குழியின் தடை 10 ஓம் என்றும், கீசரில் ஏற்படும் கசிவு நிலத்தின் வழியாக மட்டுமே திரும்புகின்றது என்றும் கொள்வோம். அப்போது பாயக்கூடியது மிஞ்சினால் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு விழ ஒரு மணி நேரங்கூட ஆகலாம். அதுவரை கீசரின் உலோக உடல் அபாயமான மின்னழுத்தத்தில் நிற்கும். கோடையில் செம்மண்ணும் வெட்டுக்கல் நிலமும் உலரும்போது குழியின் தடை மேலும் உயரும்.

இக்குறையைத் தீர்ப்பது ஆர்.சி.சி.பி. எனும் கசிவுத் துண்டிப்பான். பேஸில் செல்லும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று அது ஒப்பிடும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள்ளும், அதன் ஐந்து மடங்கானால் 0.04 நொடிக்குள்ளும் துண்டிக்கும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவே உரியது. ஆயினும் இது மிகுசுமையைத் தடுக்காது. பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொடுபவரையும் காக்காது. ஆகையால் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., எர்த் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல, மூன்றும் வேண்டும்.

பழைய வீடுகளில் கவனிக்க வேண்டியவை

பழைய அமைப்பில் பல கிளைகளுக்கு ஒரே நியூட்ரல் கம்பி இருப்பதுண்டு. அக்கிளைகளை வெவ்வேறு ஆர்.சி.சி.பி.க்களில் இணைத்தால், கசிவின்றியும் அவை விழும். அதனைத் தொல்லையென எண்ணிச் சாதனத்தையே நீக்கிவிடுவோர் உளர். செய்ய வேண்டியது, ஒவ்வொரு கிளைக்கும் தனி நியூட்ரல் இழுப்பதாகும். இன்வெர்ட்டர் இணைப்பிலும் இதே கவனம் வேண்டும்.

இப்பகுதி இடவப்பாதி, துலாவர்ஷம் ஆகிய இருபருவ மழையும் பெறுவது. ஈரச் சுவரில் உறை கெட்ட கம்பி கசியத் தொடங்கும். ஆகவே ஓட்டுக் கூரையின் ஒழுக்கை நிறுத்திய பின்னரே கம்பி இழுக்க வேண்டும். துலாவர்ஷ மாலைகளின் இடிமின்னலினால் எழும் மின்னழுத்த வீச்சை எம்.சி.பி.யோ ஆர்.சி.சி.பி.யோ தடுக்காது. அதற்கென எஸ்.பி.டி. எனும் தனிச் சாதனம் உண்டு. நல்ல எர்த் இருந்தாலன்றி அதுவும் பயன்படாது.

பணியாளரும் பரிசோதனையும்

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே இவ்வேலையைச் செய்விக்க வேண்டும். கம்பியாளரின் அனுமதிச் சீட்டும் அம்மாநில அரசு வழங்கியதாகவோ ஏற்றதாகவோ இருத்தல் வேண்டும். எல்லைக் கிராமங்களில் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து கைதேர்ந்த கம்பியாளரை அழைப்பது எளிது. ஆனால் கேரளத்து வீட்டிற்கு அவருடைய சீட்டு செல்லுமா என்று முதலிலேயே கேட்டறிதல் நன்று.

பணி முடிந்தபின் 500 வோல்ட் மெக்கரால் உறைத்தடையைச் சோதிக்க வேண்டும். அது ஒரு மெகா ஓமுக்குக் குறையலாகாது. எர்த் தடையை அளந்து, நாளுடன் பெட்டியின் உட்புறம் எழுதி ஒட்டுக. எந்தத் துண்டிப்பான் எந்த அறைக்குரியது என்பதையும் அங்கேயே குறிக்க. வீட்டார் மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். விழாத சாதனத்தை உடனே மாற்ற வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

பியூஸின் தத்துவத்தை வகுப்பில் இரண்டு டார்ச் செல்களைக் கொண்டே காட்டலாம். ஓட்டுத் துண்டின்மீது பாத்திரம் துலக்கும் நுண்ணிய எஃகுநாரின் ஓரிழையை வைத்து, அதன் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தினால் இழை சிவந்து அறுந்துவிடும். இழைகளைச் சேர்த்து முறுக்கி வைத்தால் அறாது. தடித்த பியூஸ் கம்பியின் தீமையை மாணாக்கர் இதனால் நேரில் உணர்வர். காகிதம் அருகில் இருத்தலாகாது. வீட்டு மின்சாரத்தைக்கொண்டு இதனை ஒருபோதும் செய்தலாகாது.

பின்னர் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுக் கருவிகளின் வாட் அளவுகளைக் கருவிகளின் தகட்டிலிருந்து குறித்து வந்து மின்னோட்டத்தைக் கணக்கிடுக. பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. கசிவுத் துண்டிப்பான் உண்டா, இல்லையா என்று பெற்றோரிடம் கேட்டறிந்தால் போதும். ‘இல்லை’ எனும் விடை எத்தனை வீடுகளிலிருந்து வருகின்றதோ, களப்பணியாளர் முதலிற் செல்ல வேண்டிய வீடுகள் அவையே.