தூசியை எண்ணும் வேலை

துகள் முடுக்கிக்கான நயோபியம் கேவிட்டிகளைக் கோக்கும் வேலைக்கு வந்த முதல் வாரம் என் கையில் ஸ்பானரே கொடுக்கவில்லை. தூசியில்லாத தூய அறைக்குள் நடக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். கை வீசாமல், மெதுவாக. தலை முதல் கால் வரை மூடிய உடை போட்டிருந்தாலும், படக்கென்று திரும்பினால் தூசி கிளம்பும்.

கேவிட்டி என்பது மின்புலத்தால் எலக்ட்ரான்களை வேகப்படுத்தும் உலோகக் குழல். ஒன்று சுமார் ஒரு மீட்டர் நீளம். ஒன்பது மணிகளைக் கோத்ததுபோல் இருக்கும். ஹாம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய எக்ஸ்ஃபெல் முடுக்கியில் இப்படி எட்டைத் தொடராக இணைத்து ஒரு கிரையோமாட்யூலுக்குள், அதாவது குளிர்கலத்துக்குள், வைத்திருக்கிறார்கள். நயோபியம் 9.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தி ஆகிவிடும். ஆனால் இயக்குவது 2 கெல்வினில், திரவ ஹீலியத்துக்குள். கேவிட்டிக்குள் மின்புலம் மீட்டருக்கு 2 கோடி வோல்ட்டைத் தாண்டும். அப்போது உள்சுவரில் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் எலக்ட்ரான்களை உமிழும். எக்ஸ் கதிரும் வீண் வெப்பமும் மிச்சம்.

நான் பட்டது போல்ட் துளையில். ஃபிளேஞ்ச் (இணைப்பு விளிம்பு) முகத்தைப் பளபளவென்று துடைத்தேன். நைட்ரஜன் ஊதினேன், துகள் எண்ணி பூஜ்யம் காட்டியது, மூடியைக் கழற்றத் தொடங்கினேன். கடைசி போல்ட் வெளியே வரும்போது எண்ணி எகிறியது. மரையின் அடியில் ஏதோ ஒளிந்திருந்திருக்கிறது. கேவிட்டியைத் திரும்ப 100 பார் அழுத்தத் தூய நீரில் கழுவி, உலர வைத்து, மறுபடி முதலிலிருந்து. அன்றிலிருந்து ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிய கையோடு அந்தத் துளையை ஊதி, எண்ணி அடங்கும்வரை அடுத்ததைத் தொடுவதில்லை.

எஃகு போல்ட்டுக்கு எஃகு நட்டு போட்டால் கடித்துக்கொண்டு பொடி உதிரும். எண்ணெயும் தடவ முடியாது. அதனால் செம்புக் கலவை நட்டு. அலுமினியக் கலவை கேஸ்கெட் ஒருமுறை நசுங்கினால் குப்பைக்குத்தான், சிக்கனம் பார்க்காதீர்கள். எதிரெதிர் போல்ட்டுகளாகப் பல சுற்றில் முறுக்குங்கள். கேவிட்டியின் திறந்த வாய்க்கு மேலே கை போகவே கூடாது.

இணைத்து முடித்ததும் ஒரு அவசரம் தொற்றும். அதுதான் ஆபத்து. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும் பம்ப்பின் வால்வைச் சட்டென்று திறந்தால், மூலையில் சும்மா கிடந்த துகளைக் காற்று வாரிக்கொண்டு போய்க் கேவிட்டிக்குள் உட்கார வைக்கும். மணிக்கணக்கில் ஆனாலும் மெல்லத்தான் உறிஞ்ச வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: ஷிஃப்ட்டுக்கு முன் சிகரெட் வேண்டாம். புகைத்து வெகுநேரம் ஆன பிறகும் மூச்சில் துகள் வரும். நீங்கள் மறைத்தாலும் எண்ணி காட்டிக்கொடுத்துவிடும்.