டால்பின் ஆய்வும் சிற்றூர் நூலகமும்

தமிழகக் கரையோர மக்கள் ஓங்கில் என்று அழைக்கும் டால்பின், மீன் இனத்தைச் சேர்ந்ததன்று. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டிக்குப் பாலூட்டும் விலங்காகும். மூச்சு வாங்குவதற்காக அது நீர்மட்டத்திற்கு வரும் சில நொடிகளே ஆய்வாளருக்குக் கிடைக்கின்றன. ஆதலின், அதனைப் பற்றிய அறிவு பல்லாண்டுப் பதிவுகளிலிருந்தே உருவாக வேண்டியுள்ளது. அப்பதிவுகளைப் பேணுவதிலும், ஆய்வின் முடிவுகளை மக்களிடம் சேர்ப்பதிலும் நூலகத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

பதிவின் பயன்

டால்பினின் முதுகுத் துடுப்பில் காணப்படும் வெட்டுகளும் தழும்புகளும் ஒன்றற்கொன்று வேறுபடும். அவற்றைப் புகைப்படம் எடுத்து, பழைய படங்களோடு ஒப்பிட்டே ஒரு விலங்கை மீண்டும் அடையாளம் காண்கின்றனர். படம் எடுத்த இடமும் நாளும் குறிக்கப்படாவிடில் இம்முறை பயன் தராது.

கரையொதுங்கும் விலங்குகளைப் பற்றிய குறிப்புகளும் இத்தகையனவே. 1973 ஜனவரியில் தூத்துக்குடிக் கடற்கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. பெயரில் திமிங்கிலம் எனினும் இவை டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமியும் உடன் பணியாற்றியவர்களும் அந்நிகழ்ச்சியை விரிவாக எழுதி வைத்தனர். 43 ஆண்டுகளுக்குப் பின்னர், 2016 ஜனவரியில் மணப்பாட்டையொட்டிய கரையில் இதே இனம் கூட்டமாக ஒதுங்கியபோது, ஒப்பிட்டுப் பார்க்க முன்னைய ஆதாரம் ஒன்று இருந்தது.

1947 இல் தொடங்கப்பெற்ற அந்நிலையம், 1978 முதல் வெளியிட்டுவந்த கடல் மீன்வளத் தகவல் ஏட்டில், மீன்பிடித் துறைகளில் பணிபுரியும் களப்பணியாளர் தந்த இத்தகைய குறிப்புகள் பல இடம்பெற்றன. இன்று அவற்றை எவரும் கட்டணமின்றிப் படிக்கும் வண்ணம் மின்னணுக் களஞ்சியத்தில் காணலாம். கடற்கரையில் எழுதப்பட்ட சிறு குறிப்பு ஆராய்ச்சிக்குரிய ஆதாரமாக நிலைபெறுவது இவ்வாறேயாகும்.

வலையும் வாழ்வும்

செவுள் வலையில் சிக்கும் டால்பின், மேலே வந்து மூச்சுவிட இயலாமல் இறக்கிறது. இந்தியக் கடற்பகுதியில் டால்பின்களுக்கு நேரும் பெருங்கேடு இதுவே. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை இவ்விலங்கிற்கு உயர்ந்த பாதுகாப்பை அளிக்கிறது. எனினும், தண்டனைக்கு அஞ்சும் மீனவர், வலையில் சிக்கிய டால்பினைப் பற்றி வாய்திறக்கத் தயங்குவது இயல்பு. அத்தயக்கம் நீடிக்குமாயின், எங்கே, எக்காலத்தில், எவ்வகை வலையில் இழப்பு நேர்கிறது என்பது ஆய்வாளருக்குத் தெரியாமலே போகும்.

இது மீனவரின் வருவாயைச் சார்ந்த செய்தியுமாகும். கடற்பாலூட்டிகள் வலையில் இறப்பதைத் தடுப்பதில் தனக்கு நிகரான ஏற்பாடுகளை ஏற்றுமதி நாடுகளும் மேற்கொள்ள வேண்டும் என்று 2016 இல் அமெரிக்கா விதி வகுத்தது. நம்பத்தக்க புள்ளிவிவரம் இல்லையெனில், கடலுணவு ஏற்றுமதிக்கே இடையூறு நேரக்கூடும்.

நூலக இயக்கம்

மீனவரும் ஆய்வாளரும் அச்சமின்றிச் சந்திப்பதற்குரிய பொது இடம் எது? கேரளத்தில் இதற்கு விடை காண்பது கடினமன்று. 1945 இல் பி. என். பணிக்கரின் முயற்சியால் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் ஒன்றுகூடித் தொடங்கிய இயக்கம், பின்னர் மாநிலம் முழுவதும் பரவி, எழுத்தறிவுப் பணிக்காக 1975 இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா பரிசைப் பெற்றது. 1989 ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் இந்நூலகங்களுக்குச் சட்ட வடிவம் தந்தது. எழுதப் படிக்கக் கற்பித்த நூலகம், கண்டதைக் குறித்து வைக்கவும் கற்பிக்கலாம்.

கல்லாற்றிலிருந்து கடல்வரை

இப்பணி கடற்கரை ஊர்களோடு முடிவதன்று. பொன்முடி செல்லும் வழியில் அமைந்த கல்லாற்றின் நீர், வாமனபுரம் ஆற்றோடு கலந்து, அஞ்சுதெங்குக் காயல் வழியாக முதலப்பொழியில் அரபிக் கடலை அடைகிறது. மலைப்பகுதியில் எறியப்படும் நெகிழிப் பைகளும், தோட்டங்களில் தெளிக்கப்படும் பூச்சிமருந்தின் எச்சங்களும் நீரோடு இவ்வழியே செல்லக்கூடியவை. எளிதில் சிதையாத நச்சுப்பொருள்கள் சிறு மீன், பெரு மீன் எனப் படிப்படியாகச் செறிந்து, டால்பினின் கொழுப்பில் தங்கி, தாய்ப்பால் வழியே குட்டியையும் அடைகின்றன. கடலையே காணாத கல்லாற்றுச் சிறுவனுக்கும் டால்பினுக்கும் உள்ள தொடர்பு இதுவாகும்.

செய்யத்தக்கவை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கடற்கரை நூலகங்களில் நாள், இடம், எண்ணிக்கை, வலையின் வகை ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடு ஒன்றை வைக்கலாம். தகவல் தருவோரின் பெயரைக் கேளாதிருத்தல் நலம். விழிஞ்ஞத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இப்பதிவுகளைச் சரிபார்க்கலாம். மலைப்பகுதி நூலகங்கள் மாணவரைக் கொண்டு ஆற்றுநீரின் நிலையைக் குறித்து வரலாம். 2002 ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகள் தயாரிக்கும் மக்கள் பதிவேட்டில் இவ்விரு குறிப்புகளும் இடம்பெறுதல் பொருத்தமாகும்.

ஆய்வின் முடிவு ஆங்கில ஏட்டில் வெளிவருவதோடு நின்றுவிடலாகாது. அது எளிய மலையாளத்திலும் தமிழிலும் எழுதப்பட்டு, தகவல் தந்த மீனவரின் ஊர் நூலகத்திற்கே திரும்பி வருதல் வேண்டும். தாம் சொன்ன செய்தி பயன்பட்டது என்பதைக் கண்ணால் காணும் மக்களே மறுமுறையும் மனமுவந்து சொல்வர்.